நூறு வயது என்று எழுதத் தயங்கிய மடல்

மொன்றியல் மொழித்துணை நிலையத்தின் மூத்த மொழிபெயர்ப்பாளர் திருமதி இந்திராதேவி ஸ்ரீதரன் அவர்கள் பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில், உடன் பணியாற்றிய நாங்கள் ஒருபுறம் உள்ளம் உவந்தும் மறுபுறம் உள்ளம் கனத்தும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

செவிக்கு வந்த சொல்லைச் சேதமின்றிச் சேர்ப்பித்த செம்மையே! நாவினால் நடுநிலை நாட்டிய நங்கையே! பிறர் துயரைத் தம் குரலில் பேசிப் பேசியே தம் துயரைப் பேச மறந்த பெருந்தகையே! எங்கள் அன்புக்குரிய இந்திரா அக்கா, வணக்கம்.

மடல் என்றால் மோனை வேண்டும், எதுகை வேண்டும், அடைமொழிகள் அடுக்கடுக்காக வேண்டும் என்று எங்கள் மணிவாசகம் ஐயா கர்க்லாண்ட் புறநகர் வீட்டிலிருந்து கட்டளை அனுப்பியிருந்தார். மேலே உள்ள மூன்று விளிகளும் அவர் உபயம். நான்காவதாக, ‘இரு கரை இணைத்த இன்தமிழ்ப் பாலமே’ என்று ஒன்றையும் வைத்திருந்தார். அதை நாங்கள் எடுத்துவிட்டோம். பாலம் வாய் திறக்காது. நீங்களோ மூன்று மொழிகளிலும் எங்களைத் திருத்தித் திருத்தியே ஒரு தலைமுறையைக் கழித்தவர். பொய் எழுதி, சட்டம் போட்டு, உங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் இந்நிலையத்தின் குரலாக நீங்கள் இருந்தீர்கள். மருத்துவமனையில் பிரசவ வலியையும், பாடசாலையில் பெற்றோரின் பதற்றத்தையும், அகதி விசாரணையில் அடிபட்டவரின் தடுமாற்றத்தையும், நீதிமன்றத்தில் குற்றவாளியின் ஒப்புதலையும், கூட்டாமல் குறைக்காமல், பூசாமல் மெழுகாமல், கேட்டது கேட்டபடியே பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். பனி கொட்டும் தை மாதக் காலைகளில் மெட்ரோ நின்றுபோன நாட்களிலும், எங்கள் எல்லாருக்கும் முன்பாக நீதிமன்ற வாசலில் நின்றவர் நீங்கள்தான். கையில் தேநீர்க் குடுவையும், வாயில் கீழ்த்தளத்து டெப்பனர் பெட்டிக்கடையில் வாங்கிய இஞ்சி மிட்டாயும் இல்லாமல் உங்களை எவரும் பார்த்ததில்லை.

எங்கள் தொழிலின் விதி வெளியாருக்கு விசித்திரமாகப் படும். மொழிபெயர்ப்பவர் ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. பேசுபவர் ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். ஆகவே, அக்கா, நீங்கள் எத்தனையோ பேரை உங்கள் வாயால் அடித்திருக்கிறீர்கள், கொன்றிருக்கிறீர்கள், அதற்காக அழுதிருக்கிறீர்கள். அதே நாள் பிற்பகலில், கொல்லப்பட்டவரின் உறவாக எழுந்து ‘என் பிள்ளையைத் திருப்பித் தாருங்கள்’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே குரல். பாரமான விசாரணை நாட்களில் நீங்கள் வீட்டுக்கு இறங்கவேண்டிய நிலையத்தில் இறங்காமல், மெட்ரோவின் ஆரஞ்சு வழித்தடம் முடியும் லவால் வரை போய்த் திரும்பி வருவீர்கள் என்பதை ஸ்ரீதரன் அண்ணை எங்களுக்கு வெகுகாலத்துக்குப் பிறகே சொன்னார். ‘அதுக்குப் பிறகுதான் அவ மனிசரோட கதைப்பா’ என்றார்.

நீங்கள் எங்களுக்குக் கற்பித்தது ஒன்றே ஒன்று. அதைக் கற்ற விதத்தை மணிவாசகம் ஐயாவின் அனுமதியோடு இங்கே சொல்கிறோம். அவர் சென்னையிலிருந்து வந்த பொறியியலாளர். ஓய்வுக்குப் பின் எங்களோடு சேர்ந்தவர். சேர்ந்த புதிதில் ஒரு வழக்கறிஞரின் அறையில் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர், “என்ர மகன் ஆறு மாசமா மறியல்ல கிடக்கிறான்” என்று அழுதிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் மறியல் என்றால் சிறை. சென்னையில் மறியல் என்றால் வீதியை மறித்துச் செய்யும் போராட்டம். ஐயாவும் தயங்காமல், மகன் ஆறு மாதமாக வீதியை மறித்துக்கொண்டிருக்கிறார் என்று வழக்கறிஞருக்குப் பெயர்த்துவிட்டார். மொன்றியல் குளிரில் ஆறு மாதமா என்று வியந்த வழக்கறிஞர், எந்த வீதி என்று கேட்க, அந்தத் தாய் சிறைச்சாலை இருக்கும் வீதியின் பெயரைச் சொல்ல, குழப்பம் நன்றாகவே வளர்ந்தது. நீங்கள் வந்துதான் அவிழ்த்தீர்கள். ஐயாவைக் கடிந்துகொள்ளவில்லை. “தெரியாட்டில் திருப்பிக் கேளுங்கோ, ஐயா. கேக்கிறதில ஒரு குறையும் இல்லை” என்று மட்டும் சொன்னீர்கள்.

திருப்பிக் கேட்பது. அந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்த மடல்.

எங்கள் நிலையத்தின் வெள்ளிக்கிழமைத் தேநீர் வேளையை இங்கே எழுதாமல் விட்டால், எங்களோடு மொழிபெயர்க்கும் விமலநாதன் கோபிப்பார். அந்த வேளையில் ஓயாமல் ஓடிய வாதம் ஒன்று உண்டு: உயிரை எடுத்தவனை என்ன செய்வது? “உயிரை எடுத்தவனுக்கு உயிர் எதுக்கு? தூக்கில போட்டா ஒரு நாளில அலுவல் முடிஞ்சுது” என்பது விமலநாதன் கட்சி. “தூக்குன்னா அவனுக்கு ஒரு நாள்தான் கஷ்டம். சாகிற வரைக்கும் உள்ளேயே கிடக்கட்டும், அதுதான் தண்டனை” என்பது மாளவிகாவின் கட்சி. “ஆயுள்னா நம்ம ஊர்ல பதினாலு வருஷம்னுதானே சொல்வாங்க?” என்று நடுவில் மணிவாசகம் ஐயா குழப்புவார். இந்த நாட்டில் தூக்கு இல்லை என்பதையும், ஆயுள் தண்டனை என்றால் உயிருள்ளவரை தண்டனைதான் என்பதையும், விதித்த ஆண்டுகள் கழிந்தபின் வெளியே விடும்படி பரோல் சபையிடம் கேட்கலாமே தவிர வெளியே வந்தாலும் சாகும்வரை கண்காணிப்பு நீங்காது என்பதையும் நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் விளக்குவீர்கள். ஆனால் உங்கள் எண்ணம் என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

“என்ர வாயை நாள் முழுக்க வாடகைக்குக் குடுக்கிறன். தேத்தண்ணி நேரத்தில எண்டாலும் அது சும்மா இருக்கட்டுமே.”

அந்த வாய் ஒரே ஒரு நாள் தனக்காகத் திறந்தது. அந்த நாளைப் பற்றி எழுதுமுன் ஒரு விளக்கம். பணியில் கேட்டதைக் கண்ட இடத்தில் கதைப்பது எங்கள் வழக்கம் அன்று. எனவே உரியவர்கள் இருவரிடமும் அனுமதி கேட்டோம். சிவநேசம் அக்கா, “எழுதுங்கோ. பிருந்தன்ர பேரை விடாம எழுதுங்கோ” என்றார். அருமைநாதன், “எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவன் எண்டு எழுதாதேங்கோ” என்றார். இருவர் சொற்படியும் எழுதுகிறோம்.

பிருந்தன், சிவநேசம் அக்காவின் ஒரே தம்பி. அக்காவை ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்கு அழைத்தவர். அக்காவின் அளவு மறந்துபோய், இரண்டு பேர் நுழையக்கூடிய குளிர்க்கோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு விமான நிலையத்தில் காத்து நின்றவர். அந்தக் கோட்டுக்குள் அக்கா தடுமாறி நடந்ததைப் பார்த்து வழிநெடுகச் சிரித்தவர். அடுத்த குளிர்காலத்துக்குள், தன்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த அருமைநாதனுடன் எழுந்த வாய்த்தர்க்கம் முற்றி, குசினியில் காய்கறி நறுக்கும் கத்தியால் குத்துண்டு இறந்துபோனார். அருமைநாதனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆண்டுகள் பல கழிந்து, அருமைநாதன் முதன்முறையாகப் பரோல் கேட்டார். லவாலைத் தாண்டியுள்ள சிறைச்சாலை ஒன்றின் சிறிய அறையில் விசாரணை. நீண்ட விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர் இருவர் மாறி மாறிப் பேசுவது வழக்கம். உங்கள் பக்கத்தில் மாளவிகா இருந்தார். அவர் கண்டதையே எழுதுகிறோம். சிவநேசம் அக்கா அந்தப் பழைய கோட்டையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். எழுதிக்கொண்டு வந்ததைத் தமிழில் வாசித்தார். அதன் பெயர்ப்பு ஏற்கெனவே சபையாரின் கையில் இருந்தது. வாசித்து முடித்து, தாளை மடித்து, அன்று முதல் தடவையாக அருமைநாதனை நிமிர்ந்து பார்த்து, தாளில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

“இவர் நூறு வயசுக்கு இருக்கோணும்.”

நீங்கள் அதைப் பிரெஞ்சில் சொன்னீர்கள். இவர் நூறு வயது வரை வாழவேண்டும். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. சபையின் தலைவி நெஞ்சில் கையை வைத்து, “மெர்சி, மடாம்” என்று நன்றி சொன்னார். அவர் முகம் இளகிவிட்டது. தன் காதில் விழுந்தது மன்னிப்பு என்று அவர் எண்ணிவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. எங்கள் மொழியில் அந்த வாக்கியத்தைக் குழந்தையின் தலையில் கைவைத்தும் சொல்லலாம், பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்லலாம். சிவநேசம் அக்கா எப்படிச் சொன்னார் என்பது அந்த அறையில் தமிழ் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அருமைநாதனுக்கும்.

அப்போது நீங்கள் செய்யவேண்டியது எதுவுமே இருக்கவில்லை, அக்கா. சொன்ன சொல் சரி. விதியும் உங்கள் பக்கம். சும்மா இருந்திருந்தால், இளகிய அந்த முகம் ஒரு மனிதருக்குக் கதவைத் திறந்திருக்கவும் கூடும். வாய் திறந்தால் அந்தக் கதவு உங்களால் மூடிப்போகவும் கூடும். ஆனால் திறந்திருந்தால், செத்துப்போன தம்பியின் அக்கா சொல்லாத ஒரு மன்னிப்பால் அல்லவா திறந்திருக்கும்? நீங்கள் கையை உயர்த்தினீர்கள். நாள் முழுவதும் பிறருக்காக ‘நான்’ என்று பேசியவர், தனக்காகப் பேசும்போது ‘நான்’ என்று சொல்லக்கூடாது என்பதும் எங்கள் விதி.

“மொழிபெயர்ப்பாளர் பேச அனுமதி கேட்கிறார்” என்றீர்கள். “இந்த வாக்கியம் தமிழில் வாழ்த்தாகவும் இருக்கலாம், சாபமாகவும் இருக்கலாம். எது என்று மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கக்கூடாது. தயவுசெய்து சொன்னவரிடமே திருப்பிக் கேளுங்கள்.”

கேட்டார்கள். கேள்வியை நீங்களே தமிழில் சொன்னீர்கள். சிவநேசம் அக்கா கோட்டுக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

“சொல்லேக்க சாபமாத்தான் சொன்னனான். தூக்கில்லாத நாட்டில வேற என்னத்தைச் சொல்லுறது? உள்ளுக்கயே கிடந்து கிழவனாகட்டும் எண்டுதான். இப்ப நீங்கள் கேட்டாப் பிறகு எனக்கே தெரியேல்லை.”

அதையும் நீங்கள் பெயர்த்தீர்கள். ‘எனக்கே தெரியவில்லை’ என்ற இடத்துக்கு வந்தபோது உங்கள் குரல் உடைந்தது. எத்தனையோ கொலைகளைக் கலங்காமல் சொன்ன குரல் அது. தண்ணீர்க் குவளையை உங்கள் பக்கம் நகர்த்திவிட்டு மிச்சத்தை மாளவிகா பேசினார்.

அன்று அருமைநாதனுக்குப் பரோல் கிடைக்கவில்லை. சபை அதற்கு வேறு காரணங்களையும் சொன்னது. ஆனாலும் நிலையத்துக்குள் பெரும் சண்டை மூண்டது. அதில் யார் அதிகம் கொதித்தார் என்று நினைக்கிறீர்கள்? அத்தனை வருடம் தூக்குக்காகத் தொண்டை வரள வாதாடிய எங்கள் விமலநாதன்தான். “நீங்கள் ஏன் வாயைத் திறந்தனீங்கள்? அந்த மனிசன் வெளியில வந்திருப்பான்” என்று ஒரு கைதிக்காகக் கண் சிவந்து நின்றார். தன் கட்சி மாறிவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை. நாங்களும் அன்று சுட்டிக்காட்டவில்லை. இன்று, இங்கே கூடியிருக்கும் எல்லாரும் அறியச் சுட்டிக்காட்டுகிறோம்.

அவருக்கு நீங்கள் சொன்ன மறுமொழி, உங்கள் சொந்த எண்ணத்தை நாங்கள் கேட்ட ஒரே தடவை. அதை இங்கே பொன்னெழுத்தில் பொறிக்க நினைத்தோம். அச்சகத்தில் கறுப்பு மைதான் இருந்தது.

“விமல், தூக்கில போட்டிருந்தா ஆர் ஆரிட்ட என்னத்தைத் திருப்பிக் கேக்கிறது? தனக்குத் தெரியேல்லை எண்டு அவ சொல்லுறதுக்கு, அவர் உயிரோட முன்னால இருக்கவேண்டிக் கிடந்தது. சாகுமட்டும் கேக்கவே மாட்டம் எண்டு பூட்டி வைச்சாலும் அதே கதைதான். திருப்பிக் கேக்க ஒரு இடம் இருக்கோணும். அவரிட்டயும் கேக்கோணும், அவவிட்டயும் கேக்கோணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மெட்ரோவுக்குப் போய்விட்டீர்கள். அன்றும் லவால் வரை போயிருப்பீர்கள் என்று நினைக்கிறோம்.

சில ஆண்டுகள் சென்று பரோல் சபை மீண்டும் கூடியது. திருப்பிக் கேட்டது. மொழிபெயர்க்க நீங்கள்தான் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, சிவநேசம் அக்கா கையில் தாள் எதுவும் இல்லாமல் வந்தார். “எனக்கு மன்னிக்கத் தெரியாது. மன்னிச்சிட்டன் எண்டு எழுதிப்போடாதேங்கோ. ஆனா இவர் வெளியில போனா நான் குறுக்க நிக்கமாட்டன்” என்றார். அதில் வாழ்த்தும் இல்லை, சாபமும் இல்லை. எந்த மொழியிலும் ஒரே பொருள்தான். நீங்கள் கையை உயர்த்தவேண்டிய தேவை வரவில்லை.

அந்த முறை பரோல் கிடைத்த அருமைநாதன் இப்போது கண்காணிப்போடு ஒரு விடுதியில் தங்கி, ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். தண்டனை அவரைவிட்டு ஒருநாளும் போகாது. பிருந்தனும் திரும்பி வரமாட்டார். இந்த இரண்டையும் இனிமையாக எழுதும் வழி எங்களுக்குத் தெரியவில்லை. அனுமதி கேட்டபோது அருமைநாதன் இன்னொன்றும் சொன்னார். “அவ சாபமாச் சொன்னது எனக்கு அப்பவே விளங்கினது. விளங்காத மாதிரி இருந்திருப்பன். இந்திரா அக்கா விடேல்லை. அண்டைக்கு எனக்குச் சரியான கோபம். இப்ப இல்லை. களவா வாங்கின வாழ்த்தோட வெளியில நடக்க ஏலாது.” விமலநாதன் இன்னும் முழுதாக மாறவில்லை. சில கொடுமைகளுக்குத் தூக்குத்தான் என்று வெள்ளிக்கிழமைகளில் இன்றும் தொடங்குகிறார். ஆனால் இப்போதெல்லாம் ‘ஆனா’ என்று ஒரு சொல் வந்து சேருகிறது. அந்தச் சொல்லோடு அவர் தேநீர் ஆறிப்போகிறது.

அன்புக்குரிய அக்கா, அறம் பேசியவர்கள் பலர். அறத்துக்காக ஒரு கையை உயர்த்திவிட்டு அடுத்த நிமிடமே கையை இறக்கி வேலையைப் பார்த்தவர் நீங்கள். தீர்ப்பு உங்கள் வேலை இல்லை என்று இருபத்தெட்டு ஆண்டுகளும் நினைவில் வைத்திருந்தீர்கள். உங்கள் நாற்காலியில் நாளை மாளவிகா இருப்பார். இஞ்சி மிட்டாய் டப்பாவை விட்டுப்போங்கள் என்று கேட்கிறார். எங்களுக்கு உங்களைப் பிரிய விருப்பமில்லை. அதை வேறு எப்படிச் சுற்றிச் சொல்வதென்று தெரியாததால் நேராகவே சொல்லிவிட்டோம். இனி வீட்டில் நீங்கள் ‘நான்’ என்றால் அது நீங்கள்தான் என்பதை ஸ்ரீதரன் அண்ணை மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளட்டும். எனக்குப் பசிக்கிறது, எனக்கு நோகிறது, எனக்கு லவாலுக்குப் போகவேண்டும் என்று இனி உங்களுக்காகவே பேசுங்கள்.

இந்த இடத்தில், மரபுப்படி, நாங்கள் உங்களை வாழ்த்தி முடிக்கவேண்டும். மணிவாசகம் ஐயா ‘நூறாண்டு வாழ்க’ என்று எழுதிக்கொண்டு வந்தார். வாசித்ததும் எல்லாருக்கும் அந்தப் பரோல் அறை நினைவுக்கு வந்தது. ‘நீண்ட ஆயுள்’ என்று மாற்றிப் பார்த்தோம். “ஐயோ, ஆயுள்ங்கிற வார்த்தையை நாம எங்கே எல்லாம் சொல்றோம், வேண்டாம்” என்றார் மாளவிகா. எங்கள் தொழில் எங்கள் வாழ்த்துச் சொற்களையெல்லாம் சிறைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டதே என்று தலையில் கையை வைத்தோம். மடல் பல நாட்கள் முடிவில்லாமல் மேசையில் கிடந்தது.

விழாவுக்கு அழைக்கச் சிவநேசம் அக்காவுக்குத் தொலைபேசியபோது, இந்தச் சிக்கலையும் சொன்னோம். அவர், “நான் சொல்லுறன், எழுதுங்கோ” என்றார். எழுதினோம்.

“இந்திரா நூறு வயசுக்கு இருக்கோணும்.”

நீங்கள் பழக்கிய பழக்கம், அக்கா. எங்களை அறியாமலே கேட்டுவிட்டோம்: “அக்கா, நீங்கள் இதை எப்பிடிச் சொல்லுறீங்கள்?”

“இதைத் திருப்பிக் கேக்கத் தேவையில்லை.”

இங்ஙனம்,
உங்கள் அன்பில் என்றும் அகலாத
விமலநாதன், மாளவிகா, மணிவாசகம்
மற்றும் நிலையப் பணியாளர்கள்
மொழித்துணை நிலையம், மொன்றியல்